நொண்டாதவனெல்லாம் குணமானவனா?

தொடையின் பின்தசை கிழிந்து படுத்த பந்தாட்டக்காரன், எண்ணெய் தடவி உருவிவிட்டும் ஒத்தடம் கொடுத்தும் இரண்டு மூன்று வாரங்களில் நொண்டாமல் நடக்கத் தொடங்கிவிட்டால், காயம் அடியோடு ஆறிவிட்டதென்றும், இனியும் அவனை வெளியே உட்கார்த்திவைப்பது கோழைத்தனமென்றும் தீர்ப்புக் கூறுகிற அபிப்பிராயம், ஏரியூரில் கோட்டோரம் நின்று ஆட்டம் பார்ப்பவர் முதல் பெருநகரச் சங்கங்களை நடத்துகிறவர் வரை பலரையும் பீடித்திருக்கிறது. வலி நின்றது மெய்தான். தசை பழைய நிலைக்கு மீண்டதென்பது பிரமை.

இத்தசைகள் இடுப்பெலும்பின் அடியில் கிளம்பி முழங்காலைக் கடந்து செல்பவை. முழு வேகத்தில் ஓடுகிறவன் முன்னே வீசிய கால் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன், இவை நீண்டுகொண்டே இறுகி அந்தக் காலைத் தடுத்து நிறுத்த வேண்டும். நீள்வதும் இறுகுவதும் ஒருங்கே நிகழும் அந்தக் க்ஷணத்தில்தான், பெரும்பாலும் வெளிப்புறத்து இருதலைத் தசையின் நீண்ட தலையில், இழைகள் அறுகின்றன. அறுந்த இடத்தைச் சரீரம் தழும்பால் நிரப்புகிறது. நாகமரைத் துறையில் கிழிந்த வலையை முடிச்சிட்டுச் சேர்த்தால், முடிச்சு மட்டும் நீளாமல் நிற்க, இழுவையெல்லாம் பக்கத்து இழைகளின் மேல் விழுகிறதல்லவா? தழும்பும் அவ்வாறே செய்கிறது. அமெரிக்காவில், காயம்பட்டு 5 முதல் 23 மாதங்கள் கழிந்து, மறுபடியும் களத்தில் இறங்கிவிட்ட வீரர் 14 பேரைக் காந்தப்படம் (எம்.ஆர்.ஐ.) எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், கண்டதை 2008-இல் வெளியிட்டார்கள். 11 பேரிடம் தழும்பின் அடையாளம் இருந்தது. பலருக்கு நீண்ட தலை மெலிந்து, அதன் வேலையையும் சேர்த்துச் சுமந்த குறுந்தலை பருத்திருந்தது. நொண்டாத கால்களின் உள்நிலை இது!

காயம்பட்ட தசையில் இழைகள் சேர்ந்த கற்றைகள் குறுகியும் காணப்படுகின்றன. அவை குறுகியிருந்ததால் தசை கிழிந்ததா, கிழிந்ததால் அவை குறுகினவா என்று கேட்பது நியாயமே. காயத்துக்குப் பின் அளப்பவர்களால் இதற்கு விடை கூற இயலாது. ஆகவே ஆஸ்திரேலியாவில் 152 கால்பந்து வீரர்களை ஆட்டப் பருவத்துக்கு முன்னரே அளந்து வைத்தார்கள். கற்றையின் நீளம் 10.56 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டார்கள். முந்தைய காயமும் அபாயத்தைக் கூட்டுவதே.

ஐரோப்பியப் பெருஞ்சங்கங்களின் காயங்களை 2001 முதல் கணக்கெடுத்து வரும் யான் எக்ஸ்ட்ரான்ட் குழுவினர், பின்தொடைக் காயங்களில் 18 சதவீதம் மறுகாயங்கள் என்றும், அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வீரன் களத்துக்குத் திரும்பிய இரண்டே மாதங்களுக்குள் நேர்ந்தவை என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில், 2022 மார்ச் 20 அன்று கோவாவில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில், பின்தொடைக் காயம் காரணமாகத் தன் வீரர் சஹல் அப்துல் சமது இல்லாமலே கேரள அணி ஆடி, பெனால்டியில் ஹைதராபாத்திடம் கோப்பையை இழந்தது. தோற்றாலும் அதுவே சரி என்பேன். ஒரு கோப்பைக்காக ஒரு காலைப் பணயம் வைக்கிறவனை ரசிகன் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒருமுறை கிழிந்தால் ஆட்டக்காரனின் ஆயுளே முடிந்ததென்று கைவிரிப்பவரும் உண்டு. இங்கிலாந்து வீரர் மைக்கேல் ஓவனுக்கு 1999-இல் பின்தொடை கிழிந்தது; ஐரோப்பாவின் சிறந்த வீரருக்குரிய தங்கப்பந்து 2001-இல் அவருக்கே கிடைத்தது. ஆயினும் பழைய வேகம் திரும்பவில்லை என்று அவரே பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

பரிகாரம் இருக்கிறது, அதற்கு இயந்திரமும் வேண்டாம், பணமும் வேண்டாம். மடித்த கோணிச்சாக்கின் மேல் மண்டியிட்டு, கூட்டாளி பின்னிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, முழங்கால் முதல் தலைவரை உடலை வளைக்காமல், பின்தொடை தாங்குமட்டும் மெதுவாக முன்சரிந்து, தாங்காதபோது கைகளை ஊன்றிக்கொள்வதுதான் அந்தப் பயிற்சி. டென்மார்க்கில் 50 அணிகளைச் சேர்ந்த 942 வீரர்களிடம் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, பயின்ற அணிகளில் 15 காயங்கள், பயிலாதவற்றில் 52. இதைப் பயிலத் தொடங்கும் நாட்களில் தொடை சற்றுக் கடுக்கும். வலியில்லாததைக் கண்டு குணமென்று கூத்தாடிய அதே மனிதர்கள், தீங்கற்ற இந்தக் கடுப்பைக் கண்டவுடன் காயம் திரும்பிவிட்டதென்று அலறிப் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள்.