அருங்காட்சியகத்தில் இடமுண்டு, பதிவேட்டில் இல்லை

டொமினிக்கன் கலைஞர் டோனி கபேயான் 1996இல் படைத்த ‘கரீபியக் கடல்’ என்னும் நிறுவல், தரையில் பரப்பப்பட்ட நூற்றுக்கணக்கான ரப்பர் செருப்புகளால் ஆனது. நீலமும் பச்சையுமான அச்செருப்புகள், தொலைவில் நிற்போருக்கு அலை புரளும் கடலாகத் தெரியும். அருகே சென்றால்தான், வாருக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் முள்கம்பி பொருத்தப்பட்டிருப்பது கண்ணில் படும். சாந்தோ தொமிங்கோ நகரின் ஓசாமா ஆற்றங்கரையில் ஒதுங்கிய செருப்புகளைப் பொறுக்கியே அவர் இதை அமைத்தார். அக்கரைகளில் வாழ்வோர் ஏழைகள். வெள்ளம் வரும்போதெல்லாம் அவர்களது உடைமைகளை ஆறு கடலுக்கு இழுத்துச் செல்லும். அதே கடலில்தான் ‘யோலா’ எனப்படும் சிறு மரப்படகுகளில் ஏறி, போர்த்தோ ரிக்கோவை நோக்கி மக்கள் உயிரைப் பணயம் வைத்துப் புறப்படுகின்றனர்.

நிறுவல் கலையை வசதி படைத்தோரின் வேடிக்கை என்று இயக்கத் தோழர்கள் ஒதுக்குவதுண்டு. அக்குற்றச்சாட்டு முழுவதும் பொய்யன்று. ஆயினும், எழுத்து ஆவணமே ஒரு மக்களுக்கு எதிராகத் திருப்பப்படும் நாட்டில், செருப்பும் தார்ப்பாயும்தான் சாட்சியாக வேண்டியிருக்கிறது. டொமினிக்கன் குடியரசு அத்தகைய நாடு.

அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோருக்கு ஆப்பிரிக்க மூதாதையர் உண்டு. ஆனால் கறுப்பர் என்றால் அண்டை நாட்டு ஹைட்டியர், நாமோ ஸ்பானிய வழியினர் என்றே அரசு தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தது. கருநிறத்தவரையும் அடையாள அட்டையில் ‘இந்தியோ’, அதாவது அமெரிக்கப் பழங்குடியினரின் நிறத்தவர் எனப் பதியும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1937இல் சர்வாதிகாரி த்ருஹியோவின் ஆணைப்படி, எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹைட்டிய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

இந்த வகைப்படுத்தலின் வேர் காலனியக் காலத்தது. ஸ்பானிய அமெரிக்காவில் கலப்பினத்தவரைப் பெயரிட்டுப் படிநிலைப்படுத்த ‘காஸ்தா’ என்ற சொல் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டு மெக்சிக்கோவில் அப்படிநிலைகளை விளக்கும் ஓவிய வரிசைகளே வரையப்பட்டன. போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, நம் சாதியமைப்பின் மீது ஒட்டி, பின்னர் ஆங்கிலத்துக்குப் போன சொல்லும் இதுவே. இரு அமைப்புகளும் ஒன்றல்ல. எனினும், பிறப்பைப் பதிவேட்டில் பூட்டும் அதிகாரத்தை அறிந்த நமக்கு அந்தச் சொல் அந்நியமாக ஒலிக்காது.

1981இல் பிறந்த ஃபிரெலேய் பாயெஸ் வளர்ந்தது அந்த எல்லையிலுள்ள தஹபோன் நகரில். தாய் டொமினிக்கர், தந்தை ஹைட்டிய வம்சாவளியினர். சிறுவயதிலேயே குடும்பம் மயாமிக்குப் பெயர்ந்தது. 2011இல் அவர் நாள்தோறும் தம் முன்கையின் நிறத்துக்கு ஏற்ப வண்ணம் கலந்து, கண்கள் மட்டுமே தெரியும் நிழலுருவமாகத் தம்மையே வரைந்தார். அமெரிக்காவில் பழுப்புக் காகிதப் பையைவிடத் தோல் கருத்திருக்கிறதா என்று பார்த்தனர். டொமினிக்கன் நாட்டில் மின்விசிறிக் காற்றில் முடி பறக்கிறதா என்று பார்த்தனர். இவ்விரு சோதனைகளையும் அவ்வரிசை எதிரெதிரே நிறுத்தியது. ஒரே உடலின் நிறம் நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டியே நிறப் பட்டியலை நகைப்புக்குரியதாக்கிய அந்தத் துணிவு, அவருடைய பெரிய படைப்புகளைவிட எனக்கு நெருக்கமானது.

பெரிய படைப்பு 2021இல் வந்தது. பாஸ்டன் சமகாலக் கலை நிறுவனம், கிழக்கு பாஸ்டன் கப்பல் பட்டறையில் நடத்தும் ‘வாட்டர்ஷெட்’ கூடத்தில், ஹைட்டியின் சான் சூசி அரண்மனைச் சிதைவுகளைக் கடலடியிலிருந்து எழுவன போலப் பாயெஸ் நிறுத்தினார். அடிமைகளின் புரட்சியில் பிறந்த நாட்டில், முன்பு அடிமையாயிருந்து அரசரான ஆன்றி கிறிஸ்தோப் கட்டிய அந்த அரண்மனை, 1842 நிலநடுக்கத்தில் சிதைந்தது. பாயெஸ் எழுப்பிய வளைவுகளின்மேல் மேற்கு ஆப்பிரிக்க அவுரிச் சாய வடிவங்கள் படர்ந்திருந்தன. மேலே கூரையாக விரிந்தது துளையிட்ட நீலத் தார்ப்பாய். புயலில் வீடிழந்தோர் தலைக்குமேல் கட்டும் அதே தார்ப்பாய். அதன் துளைகளின் வழியே இறங்கிய ஒளி, நீருக்கடியில் நடப்பதுபோல் தோன்றச் செய்தது. கிழக்கு பாஸ்டன் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் செறிந்து வாழும் பகுதி. 2020இல், கொரோனா காலத்தில், இதே கூடம் அப்பகுதிக் குடும்பங்களுக்கு உணவுப்பொருள் வழங்கும் இடமாக மாறியிருந்தது. உள்ளே செல்லக் கட்டணமும் இல்லை. எல்லா அருங்காட்சியகங்களையும் இதுபோல் எண்ணிவிட இயலாது. பெரும்பாலானவை குடியேறியின் நினைவைச் சுவரில் ஏற்றும். அவரை வாயிற்காவலராக மட்டும் அமர்த்திக்கொள்ளும்.

நினைவு இவ்வாறு கொண்டாடப்பட்ட காலத்தில் சட்டம் எதிர்த்திசையில் நடந்தது. 2013 செப்டம்பரில் டொமினிக்கன் அரசமைப்பு நீதிமன்றம், முறையான ஆவணமற்ற வெளிநாட்டினருக்கு அந்நாட்டில் பிறந்தோர் குடிமக்கள் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 1929 வரை பின்னோக்கிப் பாய்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு அரசே ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்த ஹைட்டியத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் ஒரே நாளில் நாடற்றோராயினர். 2014இல் இயற்றப்பட்ட சட்டம் ஒரு பகுதியினருக்கே தீர்வளித்தது. 2024 அக்டோபரில், வாரத்துக்கு 10,000 பேர்வரை நாடுகடத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் ஆவணம் கேட்கப்படுகிறது. ஆவணமற்ற பெண்கள் பிரசவம் முடிந்ததும் எல்லைக்கு அனுப்பப்படுகின்றனர்.

கலை இவற்றைத் தடுக்கவில்லை என்பது அதன்மீதான நியாயமான குறையன்று. அந்த வேலை கலைஞருடையது அல்ல. கலையைப் பாராட்டிப் பேசுவோரிடம் கேட்கலாம்: 1937ஐப் பற்றிய படைப்பை விலைகொடுத்து வாங்கும் நிறுவனங்களும் புரவலர்களும் 2013ஐப் பற்றி வாய்திறந்தார்களா? இறந்தோரின் நினைவு யாருக்கும் செலவு வைப்பதில்லை. உயிரோடிருப்பவர் கேட்பது பிறப்புச் சான்றிதழ்.

அருங்காட்சியகம் இன்றியே நினைவைக் காத்தவர்களும் உண்டு. 2012 முதல் ‘எல்லையின் ஒளி’ என்ற பெயரில் டொமினிக்கரும் ஹைட்டியரும் அக்டோபர் மாதத்தில் தஹபோனிலும், ஆற்றின் மறுகரையிலுள்ள உவானமென்தேயிலும் கூடி, 1937இல் கொல்லப்பட்டோருக்காக மெழுகுவத்தி ஏற்றினர். இன்று நாடுகடத்தப்படுவோரை ஏற்றிவரும் கூண்டு லாரிகள் கடக்கும் வாயில்களுள் ஒன்றும் அந்தத் தஹபோனிலேயே இருக்கிறது.