பந்தும் வாய்ச் சொல்லும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் கே.கே. நகர் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தபோது, அடுத்த தெரு அன்பர் ஒருவர் தம் குமாரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பையன் பத்தாம் வகுப்பு. முழங்கால் இரண்டிலும் மைதானத்து மண்.

"சார், இவனை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். ரேஸ்கோர்ஸ் மைதானமே கதி என்று கிடக்கிறான். பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் தயாரான பதில் ஒன்று உண்டு. இருபது வருஷ உபாத்தியாய உத்தியோகத்தில் அதைப் பல தடவை பிரயோகித்து வெற்றியும் கண்டிருக்கிறோம். ஆனால் அன்று நாக்கு எழவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஜவுளிக் கடையில் நமக்குத் துணி கிழித்துக் கொடுத்த வாலிபன், "சார், என்னைத் தெரியவில்லையா?" என்று கேட்டான். தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முன் நம் வகுப்பில் படித்தவன். இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஒரு நாள் கணக்கில் அவன் வாங்கிய மார்க்கைப் படித்துவிட்டு, "தம்பிக்கு மூளை காலில் இருக்கிறது" என்று நாம் ஹாஸ்யம் செய்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. "அன்றைக்குப் பிறகு நான் பந்தைத் தொடவே இல்லை சார்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அதை நன்றியாகத்தான் சொன்னான் போலும். நம்மால் அப்படி வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆகையால் அன்பருக்குப் பதில் சொல்லாமல், பிரதீப் குமார் பானர்ஜியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தோம். வங்காளத்தார் அவரைப் பி.கே. என்றே சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம்.

பி.கே. 1936-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி ஜல்பைகுரி ஜில்லாவில் பிறந்தவர். குடும்பம் ஜாம்ஷெட்பூருக்குக் குடியேறியது. பதினைந்து வயதிலேயே பீகார் கோஷ்டிக்காகச் சந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் வலது ஓரத்தில் ஆடினார். 1954-ல் கல்கத்தாவுக்கு வந்து ஆரியன் கழகத்தில் ஓராண்டு ஆடிய பின், கிழக்கு ரயில்வேயில் உத்தியோகம் ஏற்று அந்தக் கோஷ்டியில் சேர்ந்தார்.

இங்கேதான் அன்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில்வே உத்தியோகம் என்றதும் நம் மதுரைக்காரர்களுக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. அரசரடி ரயில்வே மைதானத்தைப் பார்த்து வளர்ந்த ஊரல்லவா!

கல்கத்தாவில் அந்நாளிலும் இந்நாளிலும் கால்பந்து என்றால் இரண்டு பெயர்கள்தாம். ஒன்று 1889-ல் தோன்றிய மோகன் பகான். 1911-ல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கொண்டு வந்த கழகம். மற்றொன்று 1920-ல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் அபிமானக் கழகம். முன்னது ஜயித்தால் இறால், பின்னது ஜயித்தால் இலிஷ் மீன் என்று வீடுகளில் சமையலே மாறுமாம். ஒரு காலத்தில் நம் ஊர்க் கொட்டகை வாசல்களில் எம்.ஜி.ஆர். ரஸிகர்களும் சிவாஜி ரஸிகர்களும் நடத்திய யுத்தத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

பி.கே.யின் தோழர் சுனி கோஸ்வாமி மோகன் பகானின் செல்லப் பிள்ளை. மற்றொரு தோழர் பலராம் ஈஸ்ட் பெங்காலின் சொத்து. மூவரும் சேர்ந்தே இந்தியாவின் முன்னணி. ஆனால் பி.கே. மட்டும் இரண்டு கழகங்களில் எதன் சட்டையையும் ஆட்டக்காரராக அணிந்ததே இல்லை. குடும்பப் பொறுப்பு இருந்தது, ரயில்வேச் சம்பளம் மாதம் தவறாமல் வந்தது, அதை விடவில்லை. அதனால் கெட்டுப் போய்விட்டாரா? 1958-ல் அந்த ரயில்வே கோஷ்டி கல்கத்தா லீக்கையே ஜயித்தது. பெரிய கழகங்களைத் தவிர வேறொரு கோஷ்டி அதை மறுபடி ஜயிக்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பெற்ற இந்தியக் கோஷ்டியில் பி.கே. இருந்தார். 1960-ல் ரோமில் அவரே தலைவர். பிரான்ஸுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்த பந்தயத்தில் நம் கோலைப் போட்டவரும் அவரே. தஞ்சாவூர்ச் சைமன் சுந்தரராஜ் ஆடியதும் அதே ரோமில்தான் என்பதை இடையே சொல்லி வைக்கிறோம். நம்மவரை விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலானது 1962. ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா அனுமதிக்கவில்லை. அப்படியானால் இதற்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் தகுமா என்று இந்தியப் பிரதிநிதி சோந்தி கேட்டார். ஜகார்த்தா ஜனங்களுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானத்தில் நம்மவர் கால் வைத்தாலே கூச்சல். அந்தக் கூச்சலுக்கிடையே, செப்டம்பர் 4-ந் தேதி இறுதிப் பந்தயத்தில், தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். முதல் கோல் பி.கே.யுடையது. இரண்டாவது, நெற்றிக் காயத்தோடு முன்வரிசையில் ஆடிய ஜர்னெயில் சிங்குடையது. கோல் காத்தவர் சென்னை ரெஜிமென்டில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ்.

அந்தக் கோஷ்டியைத் தயார் செய்தவர் யார் தெரியுமா என்று பையனைக் கேட்டோம். தெரியாதாம். ஸையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயர்! இதைச் சொல்லும்போது நம் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறிவிட்டது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அவர் பயிற்சியில் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை ஜயித்தது. ஜகார்த்தாவில் அவரைப் புற்றுநோய் பீடித்திருந்தது. 1963 ஜூன் மாதத்தில் காலமானார்.

பி.கே. 1967-ல் காயங்களால் ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு நடந்ததுதான் விசேஷம். எந்த இரண்டு கழகங்களுக்கும் ஆடவில்லையோ, அந்த இரண்டுமே அவரைப் போட்டி போட்டுக்கொண்டு அழைத்தன. 1972-ல் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரானார். நான்கு வருஷமும் லீக் அவர்களுக்கே. 1975 செப்டம்பர் 30-ந் தேதி, கேடய இறுதிப் பந்தயத்தில், மோகன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தார்கள். அந்தத் தோல்வியை மோகன் பகான் அபிமானிகள் இன்னும் மறக்கவில்லை. மறு வருஷம் அதே மோகன் பகான் அவரையே பயிற்சியாளராகக் கொண்டு போயிற்று! அடித்தவனையே வைத்தியனாக அழைத்த கதைதான். 1976-ல் லீக் கைமாறியது. 1977-ல் கேடயம், டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் ஒரே வருஷத்தில் மோகன் பகான் அடைந்தது. அவ்வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி உலகப் புகழ் பீலேயே நியூயார்க் காஸ்மாஸ் கோஷ்டியோடு ஈடன் தோட்டத்துக்கு வந்தார். பீலேயை நிழல்போல் தொடரக் கௌதம் சர்க்கார் நியமிக்கப்பட்டார். இரண்டுக்கு இரண்டு, சமம். பி.கே.யின் தம்பி பிரசூனும் மோகன் பகான் பக்கம்தான்.

இவர் என்ன மந்திரம் போட்டார்? ஆட்டத்தின் நுட்பங்கள் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கல்கத்தாப் பத்திரிகைகள் வேறொன்றைச் சொல்லின. அதற்கு 'வோகல் டானிக்' என்று பெயரிட்டன. வாயால் கொடுக்கும் மருந்து என்று பொருள். பந்தயத்துக்கு முன் ஆட்டக்காரர்களை உட்கார வைத்துப் பேசுவார். ஒருவனுக்குப் புகழ்ச்சி, ஒருவனுக்கு ரோஷம், இன்னொருவனுக்கு அவன் தாயாரின் நினைவு, ஆளுக்கேற்ற மாத்திரை. எவன் எதற்கு அசைவான் என்பது அவருக்குத் தெரியும். அது புத்தகத்தில் இல்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பழகினவனுக்கே கிட்டும்.

எல்லாம் ஜயம்தான் என்றும் சொல்வதற்கில்லை. 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டில் அவர் பயிற்றிய இந்தியக் கோஷ்டி கால் இறுதியில் சவூதி அரேபியாவிடம் தோற்றது. பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை தூரம் போக முடியும் என்று கேட்டவர்கள் அப்போதும் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான்.

அப்படிக் கேட்கக்கூடியவர்களில் ஒருவர் அமல் தத்தா. அவரும் இந்தியாவுக்கு ஆடியவர். சொந்தக் காசு செலவழித்து இங்கிலாந்து சென்று பயிற்சிக் கலை பயின்றவர். 1997-ல் அவர் மோகன் பகானுக்குப் பயிற்சியாளர். 'வைர வியூகம்' என்ற புதிய முறையால் கோல்களாகக் குவித்துக் கொண்டிருந்தார். பி.கே.யோ அறுபத்தோரு வயதில் மறுபடி ஈஸ்ட் பெங்காலில். ஜூலை 13-ந் தேதி ஸால்ட் லேக் மைதானத்தில், பெடரேஷன் கோப்பை அரை இறுதியில், இருவரும் எதிர்ப்பட்டார்கள். அன்று கூடியவர்கள் 1,31,781 பேர் என்று கணக்கு. பந்தயத்துக்கு முன் தத்தா, எதிர்க் கோஷ்டியின் சிக்கிம் வாலிபன் பாய்ச்சுங் பூட்டியாவின் பெயரைத் திரித்து ஒரு கேலிப் பெயர் வைத்துவிட்டார். மற்ற ஆட்டக்காரர்களின் பெயர்களும் தின்பண்டப் பெயர்களாயின. ஊர் சிரித்தது. பி.கே. பதிலுக்குக் கேலி செய்யவில்லை. அந்தக் கேலியையே எடுத்துக்கொண்டு போய்ப் பையன்கள் முன்னால் வைத்தார். நான்குக்கு ஒன்று என்று ஈஸ்ட் பெங்கால் ஜயித்தது. நான்கில் மூன்று பூட்டியா போட்டது.

இந்த இடத்தில் நாம் சற்று நிறுத்திவிட்டோம். "அப்புறம் சார்?" என்றான் பையன். நமக்கு ஜவுளிக் கடை ஞாபகம் வந்துவிட்டது. நாம் செய்த கேலியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளை முன்னால் வேறு விதமாக வைக்க, அவனுக்கு ஒரு பி.கே. வாய்க்கவில்லை.

பி.கே. ஜாம்ஷெட்பூர் டாடா கால்பந்து அகாடமியிலும் சிறுவர்களுக்கு வழிகாட்டினார். 2020 மார்ச் 20-ந் தேதி கல்கத்தாவில் எண்பத்து மூன்றாவது வயதில் காலமானார். இதைச் சொல்லி முடித்தோம்.

அன்பர் கேட்டது ஒன்றே ஒன்று: "ரயில்வேயில் இப்போதும் விளையாட்டுக்காரர்களை எடுக்கிறார்களா சார்?"

எடுக்கிறார்கள், விளையாட்டுக்கென்று தனி இடங்கள் உண்டு. ஆனால் பெரிய பந்தயங்களில் ஆடியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்றோம். முதற்பாதி பையனுக்கும் பிற்பாதி அன்பருக்கும் பிடித்திருந்தது. காலை ஐந்தரை மணிக்கு நம் வீட்டில் கணக்கு, மாலையில் பந்து என்று ஏற்பாடாயிற்று. ஐந்தரை என்றதும் பையன் முகம் வாடியதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டோம்.

மறுநாள் ஜவுளிக் கடைக்குப் போனோம். துணி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன் வகுப்பில் சொன்னது தப்பு என்று, கூட்டம் குறைந்த சமயம் பார்த்து, அவனிடம் சொன்னோம். அவன் துணியை மடித்துக்கொண்டே இருந்தான். ரேஸ்கோர்ஸில் நம் தெருப் பையன்களுக்கு ஓரத்தில் ஓடக் கற்றுக் கொடுக்க ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டோம்.

"ஞாயிற்றுக்கிழமைதான் சார் கடையில் கூட்டம்" என்றான். இன்னும் இரண்டு துணிகளை மடித்து அடுக்கிவிட்டு, "காலை ஆறு மணிக்கென்றால் வரலாம் சார். பூட்ஸ்தான் இல்லை" என்றான்.

கால் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம்.