மூன்று சுழியா, இரண்டு சுழியா?

சென்ற வாரம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். வயது 68. கைப்பேசியை ஒரு முழ தூரம் நீட்டுவதும் மூக்கருகே கொண்டுவருவதுமாக இருந்தாள்.

"நீயே பாரம்மா! டப்பியிலே 2.5 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. இதிலே 25 என்கிறதே! பத்து மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டுமோ?"

எனக்குப் பகீரென்றது. அது ஓர் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கம். அதிலும் 2.5 தான், ஆனால் நடுவிலிருந்த புள்ளி கடுகில் பாதிகூட இல்லை! இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். ஊஹூம், பெரிதாக்க முடியாதபடி பூட்டு வைத்திருந்தார்கள். 'இரண்டரை' என்று எழுத்தில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

"என் கண் போய்விட்டதடி" என்று அத்தைக்கு ஒரே வருத்தம். கண் எங்கும் போகவில்லை! நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழக்கிறது. கிட்டத்து எழுத்து மங்குகிறது. எனக்கும் வரும், உங்களுக்கும் வரும்.

இணைய உலாவிகள் சாதாரணமாக 16 பிக்ஸல் அளவில்தான் எழுத்தைக் காட்டுகின்றன. பக்கத்தை அமைப்பவர்கள்தாம், அழகு என்று நினைத்து 12, 13 என்று குறைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கே அது போதாது. நம் தமிழுக்கோ மேலே கொம்பு, கீழே வளைவு! மூன்று சுழி 'ண'வா, இரண்டு சுழி 'ன'வா என்று எண்ணியா படிப்பது? என்னைக் கேட்டால் தமிழுக்கு 18 வேண்டும். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடமும் வேண்டும். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கத்தில் எதுவும் மறையக் கூடாது என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-லேயே விதி சொல்லியிருக்கிறது. படித்தவர்கள் எத்தனை பேரோ!

அவர்கள் திருந்தும்வரை நாம் காத்திருப்பானேன்? கம்ப்யூட்டரானால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியானால் குரோம் உலாவியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதியைத் திறங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும், அந்தப் பூட்டை உடைக்கும் வசதியும் அங்கேயே இருக்கின்றன.

அத்தைக்கும் அப்படியே செய்து கொடுத்தேன். புள்ளி பளிச்சென்று தெரிந்தது. அத்தை கைப்பேசியைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சரி, இனிமேல் எதிர்வீட்டு மாமி தெருவில் நின்றே என் சங்கதி எல்லாம் படித்துவிடுவாளே!"