கலக்காமல் ஒரு ஃப்யூஷன்

ஃப்யூஷன் கச்சேரிகளில் ஒரு சௌகரியம் உண்டு. நடுவில் எழுந்து காபி சாப்பிட்டுவிட்டு வரலாம். அதே நாலு தட்டுத் தாளம் போய்க்கொண்டிருக்கும். வீணை, வயலின், சாக்ஸஃபோன் எல்லாம் கீபோர்டின் சுருதிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். பி.காமில் இதை மெர்ஜர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய கம்பெனி சின்னதை முழுங்கிவிட்டு, 'இணைந்தோம்' என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்கும்.

இப்படி இணைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர் ஒருவர் உண்டு. ஜப்பானின் டோரு டகெமிட்சு. குரோசாவாவின் 'ரான்' (1985) பார்த்திருந்தால் அவர் இசையைக் கேட்டிருக்கிறீர்கள்.

1930-ல் பிறந்தவர். யுத்தத்தின்போது 14 வயதில் ராணுவ வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே ஓர் அதிகாரி போட்ட பிரெஞ்சுப் பாட்டு ரிகார்டைக் கேட்டுப் பையன் சொக்கிப்போனான். அப்புறம் மேல்நாட்டு சங்கீதம்தான் எல்லாம். சொந்த ஊர் வாத்தியம் காதில் விழுந்தாலே யுத்த ஞாபகம் வந்து கசந்ததாம். ரொம்ப வருஷம் கழித்துப் பொம்மலாட்டம் பார்க்கப் போன இடத்தில், ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்தின் நாதம் மனிதரைப் பிடித்து உலுக்கிவிட்டது.

நியூயார்க் ஃபில்ஹார்மானிக், தன் 125-வது ஆண்டுக்காக அவரிடம் புதிதாக ஒன்று கேட்டது. 1967-ல் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' அரங்கேறியது. நடத்தியவர் செய்ஜி ஒசாவா. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதிரே இரண்டே ஜப்பானிய வாத்தியங்கள்: பீவா, ஷாகுஹாச்சி.

பீவா, பேரிக்காயைப் பாதியாகப் பிளந்த மாதிரி இருக்கும். விசிறி போன்ற தகட்டால் அடித்தால் தந்தியோடு பலகைக்கும் சேர்த்து விழும். தந்தியில் வேண்டுமென்றே ஒரு ரீங்காரம் வைத்திருப்பார்கள். பெயர் 'சவாரி'. (நாமும் தம்புராவில் 'குதிரை' மேல் நூலை வைத்துத்தானே அதை வரவழைக்கிறோம்!) ஷாகுஹாச்சி, ஐந்தே துளையுள்ள மூங்கில் குழல். ஊதும்போது 'புஸ்'ஸென்று காற்று வரும். ஃப்ளூட் வாத்தியாராக இருந்தால் முதல் நாளே தலையில் குட்டித் திருத்தியிருப்பார். இங்கே அந்தக் காற்றும் சங்கீதத்தில் சேர்த்தி.

டகெமிட்சு இதை எதையும் திருத்தவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவைப் பக்கவாத்தியமாகவும் போடவில்லை. பெரும்பாலும் இவர்கள் வாசித்தால் அவர்கள் சும்மா. அவர்கள் வாசித்தால் இவர்கள் சும்மா. முடிவை நெருங்கும்போது பீவாவும் குழலும் மட்டும் நிமிஷக்கணக்கில் பேசிக்கொள்ள, அத்தனை வயலின்களும் கைகட்டி உட்கார்ந்திருக்கின்றன. முதல் தடவை கேட்டபோது, கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவைதான் அந்த இடைவெளிக்கே காது கொடுத்தேன்.

எல்லாரும் இவ்வளவு முறைப்பாக இருக்க வேண்டியதில்லை. 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வேறு வழி பண்ணினார். கமகம் பேசுவதற்காகக் கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சுரண்டச் செய்தார். விக்கு விநாயக்ராமின் கடத்தை யாரும் சுரண்டவில்லை. பெரிய கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

'நவம்பர் ஸ்டெப்ஸ்' வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "பாட்டுதான் நின்னுடுச்சே, அணைச்சிடேன்டா" என்றாள்.

"நிக்கலம்மா. குழல்காரர் மூச்சு வாங்கறார்."

"அதையுமா ரிகார்டு பண்ணுவாங்க?" என்றவள், உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.