இரவல் என்ற வசை

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த நண்பர், ரசம் வருவதற்குள் என் கைக்கடிகாரத்தின் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார்.

"ஸ்விஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கிற யந்திரம் அவர்கள் செய்ததில்லையே, ஸார்! வாங்கிப் போட்டதுதானே!"

மருமகளின் நகை கவரிங் என்று கண்டுகொண்ட சம்பந்தியம்மாள் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தார். பந்தியில் சண்டை போடக்கூடாது என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

கடிகாரத் தொழில் என்றைக்கு ஐயா ஒரே கூரையின் கீழ் நடந்தது? ஜூரா மலைச்சாரலில், பனி மூடி வயல்வேலை நின்ற மாதங்களில், ஒரு குடியானவன் வீட்டில் பற்சக்கரம் செய்தார்கள். இன்னொருவன் வீட்டில் திருகாணி செய்தார்கள். அவற்றைச் சேர்த்துப் பூட்டித் தன் பெயரைப் பொறித்தவன் வியாபாரி. இப்படி வாங்கிப் பூர்த்தி செய்வதற்கென்றே தயாராகும் அடிப்படை யந்திரத்துக்கு 'எபோஷ்' என்று பெயர். 1926-ல் அதற்கென்றே எபோஷ் எஸ்.ஏ. என்ற கூட்டு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1932-ல் எடர்னா கம்பெனியின் யந்திரப் பகுதி தனியே பிரிந்து, ஈ.டி.ஏ. என்ற பெயரில் அந்தக் கூட்டில் சேர்ந்தது.

கை அசைய அசைய உள்ளே ஓர் எடை சுழன்று, மெயின் ஸ்பிரிங்குக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்வதுதான் ஆட்டோமாடிக் கடிகாரம். அந்த எடையை 1948-ல் ஐந்து சிறு உருண்டைகளின் மேல் வழுக்கி ஓட விட்டது எடர்னா. அந்த வம்சத்தில் வந்ததுதான் ஈ.டி.ஏ.யின் 2824. கனம் 4.6 மில்லிமீட்டர்; கற்கள் 25; மணிக்கு 28,800 துடிப்பு; முழுச்சாவியில் சுமார் 38 மணி நேர ஓட்டம். எத்தனையோ கம்பெனிகளின் முகப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். என் கையில் இருப்பதும் இதுதான். எனக்கு இதில் வெட்கம் இல்லை.

வெட்கப்பட வேண்டுமென்றால் பெரிய இடத்திலிருந்து ஆரம்பிப்போம். ஜெஜர் லெகூல்த்ர் கம்பெனி 1967-ல் 920 என்ற மெல்லிய ஆட்டோமாடிக் யந்திரத்தைச் செய்தது. 1972-ல் ஓடமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக், 1976-ல் பட்டேக் பிலிப் வெளியிட்ட நாட்டிலஸ் - இரண்டுக்கும் உள்ளே துடித்தது அந்த யந்திரத்தின் வழிவந்ததே. 1988 முதல் 2000 வரை ரோலக்ஸின் டேடோனாவில் ஓடியது ஸெனித் கம்பெனியின் எல் ப்ரிமேரோ. ரோலக்ஸ் அதை அப்படியே வைத்துவிடவில்லை. மணிக்கு 36,000 என்றிருந்த துடிப்பை 28,800 ஆகக் குறைத்து, பாலன்ஸை மாற்றி, தேதியை எடுத்து, தன் இஷ்டப்படி செப்பனிட்டது. இவர்களை யாராவது 'இரவல்' என்று ஏசுகிறார்களா? ஏலத்தில் போட்டி போட்டுக்கொண்டல்லவா வாங்குகிறார்கள்!

எங்கள் தொழிலிலும் இந்த வசை உண்டு. 'இந்தக் கதை தழுவல்' என்று ஒரு வார்த்தையில் ஆளைத் தீர்த்துவிடுவார்கள். கம்பன் கதையை எங்கிருந்து எடுத்தான்? வால்மீகியிடமிருந்து. அதைப் பாயிரத்திலேயே சொல்லியும் விட்டான். அவன் கௌரவம் குறைந்தா போயிற்று? எடுப்பது குற்றமில்லை, எடுத்ததை மறைப்பதுதான் குற்றம்.

இந்த இடத்தில் என் நண்பர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. யந்திரத்தை விலைக்கு வாங்கி, சுழலும் எடையில் தன் பெயரைப் பொறித்து, தன் எண் ஒன்றைச் சூட்டி, விலையை மட்டும் ஏதோ ஆதியிலிருந்து சிருஷ்டித்தது போல் ஏற்றி வைக்கிறார்களே, அந்த வியாபாரிகளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

2002-ல் ஈ.டி.ஏ.யின் உடைமையாளரான ஸ்வாட்ச் குழுமத்தின் தலைவர் நிகலஸ் ஹாயெக், வெளியாருக்கு எபோஷ் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தபோது இவர்கள்தான் அலறினார்கள். ஸ்விஸ் போட்டி ஆணையம் குறுக்கிட்டது. கடைசியில் 2013-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2019 வரை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. இதற்கிடையில் என்ன நடந்தது? 1950-ல் தோன்றி, ஈ.டி.ஏ. யந்திரங்களை வாங்கிப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஸெல்லிடா, காப்புரிமை தீர்ந்துபோன 2824-ன் அமைப்பையே பின்பற்றித் தானே எஸ்.டபிள்யூ. 200 செய்யத் தொடங்கியது. 26 கற்கள், ஒரு கல் கூடுதல்! ஈ.டி.ஏ.யும் சும்மா இருக்கவில்லை. அதே 2824-ன் துடிப்பை 21,600 ஆக்கி, ஸ்பிரிங்கையும் மாற்றி, 80 மணி நேரம் ஓடும் பவர்மாடிக் 80 என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். பல கை பட்டதால் ஒரு பொருள் வளர்ந்த கதை இது, தேய்ந்த கதையல்ல.

இந்த அமர்க்களத்துக்குப் பிறகு 'எங்கள் சொந்த யந்திரம்' என்பது பெரிய கோஷமாகிவிட்டது. அந்தப் பெருமையின் ருசியை நானும் அறிவேன். என் மருமான் வெளிநாட்டிலிருந்து அப்படியொரு சொந்த யந்திரக் கடிகாரத்தை வாங்கி வந்து கொடுத்தான். மூன்றாம் வருஷம் நின்றுவிட்டது. தெருக்கோடி ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்தார், பார்த்தார், மரியாதையாக மூடிவிட்டார்.

"இதுக்கு நம்மகிட்ட பார்ட்ஸ் கிடைக்காது, ஸார். கம்பெனிக்குத்தான் அனுப்பணும்."

அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து வந்த மதிப்பீட்டில், நான் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் போல் இன்னொன்று வாங்கிவிடலாம். அது இப்போது பீரோவில், காலை பத்தே காலில் நின்றபடி இருக்கிறது. என் 2824-ஐ அதே ரிப்பேர்க்காரர் ஒரு மத்தியானத்தில் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டுக் கொடுத்தார். ஊரெல்லாம் பழகிய யந்திரம். ஊரெல்லாம் அதற்கு வைத்தியர் உண்டு. ஒரே ஒரு வைத்தியரை நம்பிப் பிழைப்பதில் என்ன குலப்பெருமை?

ஆகவே, நண்பரே, 'சொந்தமா, இரவலா?' என்று கேட்காதீர்கள். யாரிடம் வாங்கினாய், அதில் நீ என்ன திருத்தினாய், அதற்கு எவ்வளவு கேட்கிறாய், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் - இந்த நாலு கேள்வியைக் கடைக்காரனிடம் கேளுங்கள். விலைச்சீட்டில் யந்திரத்தின் உண்மைப் பெயரையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி வந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீங்களும் அடுத்த கல்யாணத்தில் ரசத்தைக் கவனிக்கலாம்.