ஊர் கூடி ஒரு பட்டறை



ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஆண்டாள் தேர் அசைந்து வரும் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய தேரை எந்தப் பலசாலியாலும் தனியாக நகர்த்த முடியாது. பல்லாயிரம் கைகள் வடத்தைப் பிடிக்கின்றன, தேர் நகர்கிறது. இதேபோல ஓர் அறிவியல் பட்டறையை ஊரே சேர்ந்து நடத்த முடியுமா? முடியும் என்பது என் கருத்து. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அடுத்துள்ள இராஜபாளையத்திலும் அப்படி ஒரு பட்டறை வேண்டும் என்பதும் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

வீட்டில் பழுதாகிக் கிடக்கும் வானொலியையோ மின்விசிறியையோ திறந்து பார்க்க உங்களுக்கும் ஒரு நாள் ஆசை வந்திருக்கும். திருப்புளியைக் கையில் எடுத்ததும், "தொடாதே, கெட்டுவிடும்!" என்று ஒரு குரல் கேட்டிருக்கும். அந்தக் குரலைக் குறை சொல்வதற்கில்லை. பொருள் விலை கொடுத்து வாங்கியது. மின்சாரமோ ஆபத்தானது. அருகிலிருந்து சொல்லித்தர ஆளும் இல்லை.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்த அவர், அதை வாங்குவதற்காகவே உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய பிறகு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அது இயங்கும் விதத்தைக் கற்றார். பின்னாளில் பெரிய கண்டுபிடிப்பாளரானார். அவருடைய விடாமுயற்சியை நாம் போற்றுகிறோம். ஆனால், ஓர் இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முதலில் அதற்குச் சொந்தக்காரராக வேண்டியிருந்ததே! அப்படிப் பணம் சேர்க்க வழியில்லாமல் ஆசையோடு நின்றுவிட்ட இளைஞர்கள் எத்தனை பேரோ?

இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தவைதான் 'ஹாக்கர்ஸ்பேஸ்' எனப்படும் பொதுப் பட்டறைகள். ஹாக்கர் என்றதும் கணினித் திருடர் என்று எண்ணிவிடாதீர்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பொம்மை ரயில் சங்கம் ஒன்று இருந்தது. கருவியைக் குடைந்து பார்த்துப் புதுவிதமாக இயங்கச் செய்த மாணவர்கள் அங்கே தம்மை அப்படி அழைத்துக்கொண்டார்கள். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ஹோம்புரூ கணினிச் சங்கத்தின் முதல் கூட்டம் அது. அதில் ஒருவராக இருந்த ஸ்டீவ் வாஸ்னியாக், தாம் வடிவமைத்த கணினியின் வரைபடத்தைச் சங்கத்தாருக்கு இலவசமாகவே கொடுத்தார். அந்தக் கணினிதான் 1976-இல் 'ஆப்பிள்' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது.

சான் பிரான்சிஸ்கோ நகரில் 2007-இல் தொடங்கப்பட்ட 'நாய்ஸ்பிரிட்ஜ்' என்ற பட்டறை நன்கொடைகளை நம்பி நடப்பது. உறுப்பினர் அல்லாதவரும் உள்ளே வந்து கருவிகளைப் பயன்படுத்தலாம். ஒருவரிடம் ஒருவர் மேன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே அங்குள்ள தலையாய விதி.

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம் ஊரில் நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். மகாராஷ்டிர மாநிலத்தில் பாபல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1983-இல் டாக்டர் கல்பாக் என்ற விஞ்ஞானி, தம் பெரிய வேலையை விட்டுவிட்டு அங்கே விஞ்ஞான ஆசிரமத்தை அமைத்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் கையால் செய்து கற்றுக்கொள்ளும் இடம் அது. அமெரிக்காவுக்கு வெளியே எம்.ஐ.டி.யின் துணையோடு அமைந்த முதல் தயாரிப்புக்கூடங்களுள் ஒன்று, 2002-இல் அந்தக் கிராமத்தில்தான் உருவானது!

நம் பகுதிக்கு வருவோம். இராஜபாளையம் பஞ்சாலைகளின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. சாதாரணத் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் நெசவாளரே கண்ணால் கண்டு நிறுத்த வேண்டும். தவறினால் துணியில் குறை விழும். நவீனத் தறிகளில் ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்குகிறது. நூல் இறுக்கமாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். நூல் அறுந்தால் தகடு விழுந்து, கீழேயுள்ள மின்பட்டையைத் தொடும். மின்சுற்று பூர்த்தியாகும், தறி நின்றுவிடும். எவ்வளவு எளிய ஏற்பாடு! ஒரு மின்கலம், ஒரு சிறு விளக்கு, சில தகடுகள், கொஞ்சம் நூல் இருந்தால் இதன் மாதிரியை நீங்களே செய்து பார்க்கலாம். இல்லாதது அறிவு அன்று. கருவிகளோடு கூடிய ஒரு மேசையும், தவறு செய்ய அனுமதியும்தான்.

பள்ளிகளில் 2016 முதல் மத்திய அரசு அமைத்துவரும் அடல் ஆய்வகங்கள் போதாவா? அவை நல்ல முயற்சியே. ஆனால் பள்ளி ஆய்வகம் பள்ளியின் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போகும் அண்ணனும், தறி ஓட்டும் அக்காளும் எங்கே போவார்கள்? அவர்கள் உங்களுடன் ஒரே மேசையில் உட்கார்ந்தால், அவர்களுடைய கைப்பழக்கத்தை நீங்கள் கற்கலாம். உங்கள் பாடத்தை அவர்கள் கற்கலாம்.

சரி, பணம்? ஒரு செல்வரிடம் கேட்டால் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வாரே என்று தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. வாடகையும் மின்கட்டணமும் மாதந்தோறும் வருபவை. அவற்றை ஒருவரே கொடுத்துவந்தால், அவர் நிறுத்தும் நாளில் கதவு மூடிவிடும். யார் உள்ளே வரலாம் என்பதும் அவர் விருப்பப்படி ஆகிவிடக்கூடும். மாதச் செலவு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேர் நூறு ரூபாய் வீதம் கொடுத்தால் போதும். ஐந்து பேர் விலகினாலும் 500 ரூபாய்தான் குறையும், பட்டறை மூடாது. பெரிய நன்கொடை வந்தால் லேத் போன்ற இயந்திரம் வாங்கப் பயன்படுத்தலாம். வாடகை மட்டும் பலரது சிறு தொகையிலிருந்தே வர வேண்டும்.

தேருக்கு வடம் மட்டும் போதாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிறவர்களும் வேண்டும். பட்டறைக்கு அந்த முட்டுக்கட்டை, கணக்கு. ஒவ்வொரு மாதமும் வரவு செலவைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். மூன்று மாத வாடகையை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். பணம் தர முடியாதவர் மாலையில் ஒரு மணி நேரம் கருவிகளைத் துடைத்து அடுக்கினால் அதையும் நன்கொடையாகவே எழுத வேண்டும்.

கட்டடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நான்கு பேர் கூடுங்கள். பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பழுதான பொருளைத் திறக்குமுன் மின்இணைப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு திருப்புளி, வரவு செலவு எழுத ஒரு நோட்டு. தொடங்குவதற்கு இவை போதும். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில், அதே நேரத்தில் கூடுங்கள். வடத்தைப் பிடிக்க ஊரார் ஒவ்வொருவராக வருவார்கள்.