உறைபனித் தாங்குதிறன்: எந்த உறுப்பில் சோதிப்பது?

கேரளத்தில் உறைபனி பேசப்படுவது பெரும்பாலும் மூணாறைச் சூழ்ந்த மலைகளில். 2019 ஜனவரியில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் இறங்கித் தேயிலை கருகியது. மாநில வேளாண்மைத் துறையின் தலைமையகமும் வெள்ளாயணி வேளாண் கல்லூரியும் இருப்பதோ திருவனந்தபுரத்தில். அங்கு இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஸ்ட்ராபெரிச் செடியின் குளிர் தாங்கும் திறனைச் சோதிக்க முனைவோர் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியது இந்தத் தொலைவைத்தான்.

ஆய்வகச் சோதனையின் நடைமுறை யாவரும் அறிந்ததே. இலையையோ குறுந்தண்டையோ உறைபெட்டியில் வைத்து, மணிக்கு ஓரிரு டிகிரி வீதம் குளிர்விப்பார்கள். பிறகு உருகவிட்டு நீரிலிட்டு, சிதைந்த செல் சவ்வுகளிலிருந்து கசியும் உப்புகளை மின்கடத்துதிறன் கொண்டு அளப்பார்கள். பாதிச் சேதம் நேரும் வெப்பநிலை அந்த இரகத்தின் எண்ணாக அட்டவணையில் ஏறிவிடும். ஆனால் அந்த எண் இரகத்துக்கு மட்டும் உரியதன்று. செடி அதற்கு முந்தைய வாரங்களை எங்கே கழித்தது என்பதையும் அது சொல்கிறது. குறும்பகலிலும் தாழ்ந்த வெப்பத்திலும் சில வாரங்கள் நின்ற செடி சர்க்கரைகளைச் சேர்த்து, சவ்வுகளை மாற்றிக் குளிருக்குப் பழகிக்கொள்கிறது. கடற்கரை வெப்பத்தில் தொட்டியில் வளர்ந்த செடியை நேரே உறைபெட்டிக்குள் வைத்தால் கிடைப்பது பழகாத செடியின் எண். மூணாற்றுச் செடிக்கு அது பொருந்தாது. ('வின்டர் டான்' என்ற பெயரில் குளிர்காலம் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. அந்த இரகம் புளோரிடாவின் இதமான குளிர்காலத்துக்காக உருவாக்கப்பட்டது.)

இதைவிடப் பெரிய பிழை, எந்த உறுப்பைச் சோதிக்கிறோம் என்பதில் நேர்கிறது. வடநாடுகளில் ஸ்ட்ராபெரி உறங்கும் நிலையில் குளிர்காலத்தைக் கடக்கிறது; அங்கே குறுந்தண்டு பிழைக்குமா என்பதே கேள்வி. பழகிய குறுந்தண்டு -10 டிகிரியை ஒட்டிய குளிரையும் தாங்கக்கூடும். மூணாறிலோ உறைபனி வரும் நாள்களில் செடி பூத்து நிற்கிறது. விரிந்த மலர் -1 டிகிரியை ஒட்டியே மடிந்துவிடும். இதழ்கள் வெண்மை மாறாமலே இருக்கும். நடுவிலுள்ள சூலகங்கள் மட்டும் கறுத்திருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தோட்டம் நலமாகவே தெரியும். குறுந்தண்டின் எண்ணை நம்பி நாற்று வாங்கிய விவசாயிக்கு, செடி உயிரோடிருப்பது ஆறுதலாகாது.

வெப்பமானி இருக்கும் உயரமும் ஒரு சிக்கல். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை இழக்கும்போது, தரையை ஒட்டிய இலையும் பூவும் ஆளுயரத்து வெப்பமானி காட்டுவதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். இலைமேல் வாழும் நுண்ணுயிரிகளும் கணக்கில் வரவேண்டும். சூடோமோனாஸ் சிரிஞ்சே போன்ற பாக்டீரியாக்கள் பனிப்படிகத்துக்குக் கருவாக அமைந்து உறைதலை விரைவுபடுத்துகின்றன. அந்தத் திறன் நீக்கப்பட்ட பாக்டீரியாவை 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பிரென்ட்வுட்டில் தெளித்துப் பார்த்ததும் ஸ்ட்ராபெரி வயலில்தான். மரபணு மாற்றிய உயிரியை அனுமதி பெற்றுத் திறந்தவெளியில் விட்ட முதல் சோதனை அது. எதிர்ப்பாளர்கள் முன்னிரவே புகுந்து செடிகளைப் பிடுங்கியிருந்தார்கள். உறைபெட்டிக்குள் வைக்கும் கழுவிய இலைத்துண்டில் இந்த நுண்ணுயிர்ச் சூழல் அப்படியே இராது.

ஆகவே உறைபெட்டி வெள்ளாயணியிலேயே இருக்கட்டும். செடிகள் மலையில் வளரட்டும். பூவின் உயரத்தில் வெப்பமானியைப் பதித்து, ஒவ்வோர் உறைபனி இரவுக்குப் பின்னும் கறுத்த மலர்களை எண்ணவேண்டும். அதே பாத்தியில் நீலகிரியின் பெயரையே தாங்கிய காட்டு ஸ்ட்ராபெரியான பிரகேரியா நீல்கெரென்சிசும் நிற்கவேண்டும். அது இருமயம், பயிரிடும் ஸ்ட்ராபெரி எண்மயம் என்பதால் கலப்பு எளிதன்று. ஆயினும் இம்மலைகளின் குளிரை அறிந்த செடியை ஒப்பீட்டுக்குக்கூடச் சேர்க்காமல் அயல் இரகங்களை மட்டும் வரிசைப்படுத்துவது முறையாகாது.